ஒரு சாண் உயரம்

பாலத்தின் நடுவில், மஞ்சள் கோடு போட்டிருக்கும் இடத்தில், அப்பா ஸ்ட்ரெச்சரில் மல்லாந்து படுத்திருந்தார். தலையை மட்டும் என் பக்கம் திருப்பி, "பாப்பா, இவங்க என்னைத் தூக்கப் போறாங்களா, இல்ல நானே எறங்கி நடந்து வரட்டுமா?" என்று கேட்டார். இடுப்பெலும்பு முறிந்த மனிதர் கேட்கிற கேள்வி. எனக்கு ஐம்பது வயது. கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தவர்கள் அத்தனை பேரும் யார் அந்தப் பாப்பா என்று திரும்பிப் பார்த்தார்கள்.

கோட்டுக்கு அந்தப் பக்கம் வேறு நாடு. ஆறு ஒன்றுதான், பேச்சும் ஒன்றுதான், ஆனால் கொடி வேறு, முத்திரை வேறு. நான் பிறந்தது அங்கே. கல்யாணம் ஆகி இந்தக் கரைக்கு வந்தேன். அம்மா போன பிறகு அப்பாவை என்னோடு வந்து இருக்கச் சொல்லிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு என் வாய்தான் வலித்தது. "பாலம் தாண்டினா உன் வீடு. இதுக்குப் போய் எதுக்கு நான் மூட்டை கட்டணும்?" என்பார். பாலம் தாண்டினால் வீடுதான். தாண்டுகிறவள் நான். ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்தக் கரை கவுண்டரில் ஒரு வரிசை, அந்தக் கரை கவுண்டரில் ஒரு வரிசை, பையைத் திறந்து காட்டு, டிபன் கேரியரைத் திறந்து காட்டு. சாயங்காலம் திரும்பும்போது மறுபடியும் அதே கூத்து. வாரம் முழுக்கத் தையல் ஃபேக்டரியில் லைன் சூப்பர்வைசராக நின்றே வேலை பார்க்கிற கால்களுக்கு ஞாயிற்றுக்கிழமையும் நிற்கிற வேலைதான். அப்பா அந்த வரிசையில் ஒரு தடவைகூட நின்றதில்லை. வந்தால்தானே நிற்பதற்கு.

அவர் ரிட்டயரான டிரில் மாஸ்டர். முப்பது வருஷம் விசில் ஊதிப் பிள்ளைகளை வெயிலில் நிற்க வைத்தவர். எண்பதை நெருங்குகிற வயதில் ஸ்டூல் மேல் ஏறி பல்பு மாற்றப் போய் விழுந்தார். பக்கத்து வீட்டுக்காரம்மா போன் பண்ணிச் சொன்னதும் எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, எரிச்சல். "ஒரு ஆளைக் கூப்பிட்டிருக்கலாம்லப்பா?" என்று கேட்டதற்கு, "பல்பு மாட்ட ஆள் கூப்பிடுறவன் டிரில் மாஸ்டரா?" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து பதில் வந்தது. அவர் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால்தான்.

அந்த ஊர் ஆஸ்பத்திரியில் இருந்த எலும்பு டாக்டர் மாற்றலாகிப் போய்விட்டார். ஆபரேஷனுக்குத் தலைநகருக்குத்தான் கொண்டு போக வேண்டும், ஒரு பகல் முழுக்கப் பயணம். எங்கள் கரையில் உள்ள பெரிய ஆஸ்பத்திரியோ பாலத்தில் நின்றாலே தெரியும், மாடியில் காயப் போட்ட துணி உட்பட. இரண்டு நாட்டுக்கும் புதிதாக ஒரு ஒப்பந்தம் ஆகியிருப்பதாகவும், வயதானவர்கள் எந்தக் கரையில் வேண்டுமானாலும் வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம் என்றும் ரேடியோவில் கேட்டிருந்தேன். சுகாதாரத் துறை அலுவலகத்தில் ஏறி இறங்கினேன். மாடிக்குப் போனால் கீழே போ என்றார்கள், கீழே போனால் மாடியைக் காட்டினார்கள். கடைசியில் ஒருவர் கழுத்தில் டையோடு எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கி, "வாழ்த்துக்கள் மேடம். உங்கப்பாதான் எங்க முதல் கேஸ்" என்றார். லாட்டரியில் பரிசு விழுந்த மாதிரி. அவர்தான் ஒப்பந்தத்தின் ஒருங்கிணைப்பாளர்.

முதல் கேஸ் என்பதுதான் வினையாகப் போயிற்று. முதல் கேஸ் என்பதால் சுகாதாரத் துறை இயக்குநர் நேரில் வருகிறார். இயக்குநர் வருவதால் பேனர். பேனர் இருப்பதால் போட்டோகிராபர். 'கரைகள் இரண்டு, கரிசனம் ஒன்று' என்று பெரிய எழுத்தில் அடித்து, இரண்டு அரசாங்க முத்திரையும் போட்டு, கைப்பிடிச் சுவரில் கட்டியிருந்தார்கள். அந்தப் பக்கத்து ஆம்புலன்ஸ் கோடு வரை வந்து அப்பாவை இறக்கி வைத்துவிட்டது. எங்கள் பக்கத்து ஆம்புலன்ஸ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. ஆம்புலன்ஸ்கள் கோட்டைத் தாண்டக் கூடாது. இயக்குநர் வராமல் அப்பாவும் தாண்டக் கூடாது.

"பத்தே நிமிஷம் மேடம், சார் கிளம்பிட்டார்" என்றார் ஒருங்கிணைப்பாளர். ஃபேக்டரியில் தைக்கிற பிள்ளைகளிடம் நானும் சொல்கிற பத்து நிமிஷம்தான் அது. அதன் நீளம் எனக்குத் தெரியும்.

வெயில் ஏறியது. அந்தக் கரையிலிருந்து கூட வந்திருந்த நர்சம்மா தன் குடையை அப்பாவின் முகத்துக்கு மேல் பிடித்துக்கொண்டு, தான் வெயிலில் நின்றார். என் வயதிருக்கும். அப்பாவை "மாஸ்டர்" என்று கூப்பிட்டார். அவர் நெற்றியில் வேர்க்கும்போதெல்லாம் ஒரு துணியால் ஒற்றி எடுத்தார். அப்பா ஒவ்வொரு தடவையும் முகத்தைச் சுளித்தார், ஆனால் திருப்பிக்கொள்ளவில்லை.

சும்மா நிற்பானேன் என்று எங்கள் டிரைவர் எங்கள் ஸ்ட்ரெச்சரை உருட்டிக்கொண்டு வந்து அப்பாவின் ஸ்ட்ரெச்சரோடு ஒட்டி நிறுத்தினார். அப்போதுதான் தெரிந்தது, எங்களுடையது ஒரு சாண் கூடுதல் உயரம். இறக்கப் பார்த்தார், இறங்கவில்லை. அவர்களுடையதை ஏற்றப் பார்த்தார்கள், ஏறவில்லை. சரி, அவர்கள் ஸ்ட்ரெச்சரோடு அப்படியே எங்கள் வண்டியில் ஏற்றிவிடலாமே என்றேன். டிரைவர் தலையை ஆட்டினார்.

"அவங்களது நம்ம வண்டில லாக் ஆகாதுக்கா. பிரேக் போட்டா அய்யா முன்னாடி வந்துடுவார். ரெண்டு கவர்மென்ட்டும் வேற வேற எடத்துல வாங்கியிருக்காங்க."

நான் ஒருங்கிணைப்பாளரைப் பார்த்தேன். அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அது டெக்னிக்கல் கமிட்டில இருக்கு மேடம். அடுத்த கூட்டத்துல வருது."

"இத்தனை நாள் கூட்டத்துல என்ன சார் பேசினீங்க?"

"நெறைய பேசினோம் மேடம்." பொய் சொல்லவில்லை, உண்மையாகவே நினைவுபடுத்திக்கொண்டு சொன்னார். "மருந்துப் பேரெல்லாம் ரெண்டு பக்கமும் ஒண்ணாக்கியாச்சு. எக்ஸ்ரே மாத்திக்கறதும் முடிஞ்சுது. முதியோர்னு போடறதா மூத்த குடிமக்கள்னு போடறதாங்கறதுக்கே ரெண்டு கூட்டம் போச்சு."

"எது ஜெயிச்சுது?" என்றார் அப்பா, கீழே இருந்து.

"இன்னும் முடிவாகல சார்."

"அதுக்குள்ள நான் போய்ச் சேந்துட்டா வேற ஒரு வார்த்தை போட்டுக்கலாம்."

டிரைவர் சிரிப்பை அடக்க ஆற்றைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரியும் கொடுத்துவிட்டார். ஸ்ட்ரெச்சர் காலில் போய் நின்றுவிட்டது வரம்.

கொஞ்ச நேரத்தில் அப்பா கண்ணால் என்னைக் கூப்பிட்டார். குனிந்தேன். "ஒண்ணுக்கு வருது" என்றார், இதுவரை நான் கேட்டிராத ஒரு சின்னக் குரலில்.

நர்சம்மா ஸ்ட்ரெச்சருக்கு அடியிலிருந்து பாட்டிலை எடுத்தார். சுற்றிலும் ஆண்கள், திறந்த பாலம், ஒரு மரம் மட்டை கிடையாது. நான் நாலாபக்கமும் பார்த்தேன். நான் எதைத் தேடுகிறேன் என்பது எனக்கு முன்னால் போட்டோகிராபருக்குப் புரிந்துவிட்டது. காமிராவைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்ப் பேனரின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார்.

"ஏங்க, அதுல முத்திரை இருக்கு" என்றார் ஒருங்கிணைப்பாளர்.

"இருக்கட்டும் சார், முத்திரை வெளிப்பக்கம் வர மாதிரி பிடிச்சுக்கலாம்."

ஒரு முனையைப் போட்டோகிராபர் பிடித்தார், மறுமுனையை எங்கள் டிரைவர். நடுவில் தொய்வதைப் பார்த்துவிட்டு ஒருங்கிணைப்பாளரே வந்து பிடித்துக்கொண்டார். உள்ளே அப்பாவும் நானும் நர்சம்மாவும். "எல்லாரும் அந்தப் பக்கம் திரும்புங்க" என்றார் அப்பா, பழைய மைதானக் குரல் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. திரும்பினார்கள்.

நான்தான் பாட்டிலைப் பிடித்தேன். என் அப்பா வீட்டுக்குள்கூட சட்டை பட்டனைக் கழுத்து வரை போடுகிறவர். துண்டோடு அவரை நான் பார்த்ததில்லை. முகத்தைத் திருப்பி ஆற்றுப் பக்கம் வைத்துக்கொண்டார். வந்தது நின்றது, நின்று வந்தது. பேனரின் பின்பக்கம் வெயிலில் எழுத்துகள் இடம் வலம் மாறித் தெரிந்தன. என் கோபம் போகவில்லை. ஸ்டூல் மீது இருந்தது, பல்பு மீது இருந்தது, இயக்குநர் மீது இருந்தது.

பேனரை விலக்கியதும் ஒருங்கிணைப்பாளரிடம் சொன்னேன். "இனிமே காத்திருக்க முடியாது சார். உங்க இயக்குநர் வந்தா, இந்த ஸ்ட்ரெச்சர் காலியா இருக்கும். அவரைப் படுக்க வச்சு போட்டோ எடுத்துக்குங்க."

அவர் போனைப் பார்த்தார். சாலையைப் பார்த்தார். பிறகு அப்பாவின் காய்ந்த உதட்டைப் பார்த்தார். டையைக் கழற்றிப் பாக்கெட்டில் செருகிக்கொண்டு, "எங்க பிடிக்கணும்னு சொல்லுங்க" என்றார்.

அப்போது அப்பா சொன்னார்: "வேணாம் பாப்பா. திருப்பிக் கொண்டு போகச் சொல்லு. நான் வீட்லயே கெடந்துக்கறேன்."

நர்சம்மா என்னைப் பார்த்தார். ஆபரேஷன் இல்லையென்றால் இந்த மனிதர் இனி எழுந்து உட்கார மாட்டார் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அப்பாவுக்கும் சொல்லியிருந்தார்கள்.

"அப்பா," என்றேன். குரலை உயர்த்தவில்லை, உயர்த்த என்னிடம் தெம்பில்லை. "இந்தப் பாலத்துல எத்தனை ஞாயித்துக்கிழமை நான் வரிசையில நின்னிருக்கேன்னு உங்களுக்குத் தெரியாது. நான் சொன்னதும் இல்ல. எனக்காக நீங்க ஒரு தடவ தாண்டுங்க. ஒரே தடவ."

அவர் குடையின் உள்பக்கத்தைப் பார்த்தபடி இருந்தார். "வலிக்கும்ல?" என்றார்.

"வலிக்கும்ப்பா."

"சரி."

நர்சம்மா வேலையைக் கையில் எடுத்துக்கொண்டார். அப்பாவுக்கு அடியில் விரித்திருந்த போர்வையின் ஓரங்களை இறுக்கிச் சுருட்டச் சொன்னார். இரண்டு டிரைவர்களும் தலைமாட்டில், போட்டோகிராபரும் ஒருங்கிணைப்பாளரும் இடுப்புக்கு இரண்டு பக்கமும், கால்மாட்டில் நானும் நர்சம்மாவும். அவர் நிற்க வேண்டிய இடம் கோட்டுக்கு இந்தப் பக்கம். கோட்டருகே காவலுக்கு நின்றிருந்த அந்தக் கரைப் போலீஸ்காரரைத் திரும்பிப் பார்த்தார். போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றி, அதன் உள்ளே ஏதோ கிடப்பது போல உற்றுப் பார்க்க ஆரம்பித்தார். நர்சம்மா கோட்டைத் தாண்டி வந்து நின்றார்.

"மாஸ்டர், நீங்களே எண்ணுங்க. மூணுக்குத் தூக்கறோம்."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். "ஒண்ணு" என்றார். போர்வை இறுகியது. "ரெண்டு" என்றார். அதற்கு மேல் வரவில்லை. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. ஆறு பேரும் பிடித்த பிடியில் குனிந்தபடி நின்றோம். முப்பது வருஷம் ஊரையே எண்ணி நடக்க வைத்த வாய்.

"மூணு" என்றேன் நான்.

தூக்கினோம். அந்த ஒரு சாணுக்குள் அப்பாவிடமிருந்து வந்த சத்தத்தை நான் எழுதப் போவதில்லை. வைத்தோம். எங்கள் ஸ்ட்ரெச்சரில் இருந்தார். போட்டோகிராபர் ஒரு படம்கூட எடுக்கவில்லை என்பது அவருக்கே அப்புறம்தான் உறைத்திருக்கும்.

வண்டியில் ஏற்றும்போது ஒருங்கிணைப்பாளர் மெதுவாக நர்சம்மாவிடம் சொன்னார்: "சிஸ்டர், அந்தப் போர்வை உங்க ஆஸ்பத்திரிது. பொருளெல்லாம் அந்தந்தப் பக்கமே திரும்பணும்னு இருக்கு." சொல்லிவிட்டு அவரே கூசிப் போய்த் தலையைத் தடவிக்கொண்டார்.

நர்சம்மா அப்பாவைப் பார்த்தார். இன்னொரு தடவை தூக்கினால்தான் அது வரும். "கிழிஞ்சு போச்சுன்னு சொல்லிக்கறேன்" என்றார். என்னிடம் அப்பாவின் மாத்திரைப் பையைக் கொடுத்து, எதை எப்போது தர வேண்டும் என்று ஒரு முறை சொன்னார், நான் திருப்பிச் சொல்லும் வரை கையை விடவில்லை. அவர் பெயரை நான் கேட்கவில்லை. அந்த நேரத்தில் தோன்றவில்லை.

வண்டி கிளம்பியது. பாலத்தின் இந்த முனையில் எங்கள் கரைச் சோதனைச் சாவடி. தடுப்புக் கம்பு இறங்கியிருந்தது. எதிரே இயக்குநரின் கார் வந்து நிற்க, அதற்கு முதலில் வழி விடுவதா எங்களுக்கா என்று இரண்டு காவலர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். டிரைவர் சைரனைப் போட்டார். கம்பு அசையவில்லை. எனக்குத் திட்டக்கூட வார்த்தை தீர்ந்து போயிருந்தது.

அப்பாவின் கை போர்வை மேல் எதையோ தேடியது. என் கையைக் கொடுத்தேன். அவர் விரல்களைப் பிடிக்கவில்லை, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார், ரோடு தாண்டும்போது சின்னப் பிள்ளைகளைப் பிடிக்கிற மாதிரி. கால்மாட்டில் இருந்த பின்கதவுக் கண்ணாடி வழியாகப் பாலம் முழுக்கத் தெரிந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் திரும்பிப் பார்த்தேன். நடுவில், காலி ஸ்ட்ரெச்சர் பக்கத்தில், நர்சம்மா இன்னும் போகாமல் நின்றிருந்தார். குடையை மடக்கிக் கையில் வைத்துக்கொண்டு, மற்றொரு கையை நெற்றிக்கு மேல் வைத்து, கம்பு தூக்குகிறார்களா என்று எங்கள் பக்கமே பார்த்தபடி.