விண்ணப்பதாரர் நேரில் வர வேண்டும்

1

இந்தக் கதை ஒரு போட்டோவிலிருந்து பிறந்தது. சிறியது, கறுப்பு வெள்ளை, 1971-இல் குமுளி ஸ்டுடியோவில் எடுத்தது. அதில் இருப்பவள் அழகுத்தாய், இருபது வயது. இதை எழுதுகிறவனின் மனைவி. போன ஐப்பசியில் மஞ்சள் காமாலையில் இறந்துபோனாள்.

எழுதுகிறவன் முதலில் இப்படித் தொடங்கினான்:

நான் அவளை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று

நான் அந்த ஆபீசுக்கு ஏழு வருஷமாக

நான்

மூன்றும் நின்றுவிட்டன. "நான்" வந்து உட்கார்ந்தால் அடுத்த சொல் வருவதில்லை. அதனால் "அவன்" என்று எழுதுகிறான். பேர் நல்லமுத்து. உத்தமபாளையத்தில் பி.ஏ. படித்தவன். கேரள மலையில், சக்குபள்ளத்தில் ஓர் ஏலத்தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. இனி அவன் பாடு.

2

அழகுத்தாய் இலங்கையில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். பெற்றவர்கள் போனபின் தங்கை சோலையைக் கையில் பிடித்துக்கொண்டு கப்பலேறி வந்தாள். தற்காலிக விசா. நல்லமுத்துவைக் கட்டிக்கொண்டதும், இந்தியனின் மனைவி என்று குடியுரிமைக்கு மனுப் போட்டாள். சோலைக்கு அப்போது பதின்மூன்று. அவளுக்கு வருஷா வருஷம் தங்குவதற்கான பெர்மிட்டை நீட்டிக்கொண்டால் போதும் என்றார்கள்.

மனுப் போட்ட சில மாதத்தில் மாவட்டம் பிரிந்தது. ஃபைல் பழைய பக்கம் இருக்கிறதா, புதுப் பக்கம் வந்துவிட்டதா என்று கண்டுபிடிக்கவே இரண்டு வருஷம். பிறகு கல்யாணத்துக்குச் சான்று கேட்டார்கள். பிறகு அந்தச் சான்றுக்குச் சான்று.*

* இங்கே ஒரு பக்கம் இருந்தது: வந்த கடிதங்களும் போன பதில்களும். வாசித்துப் பார்த்தான். ஆபீசைவிட மெதுவாக நகர்ந்தது. எடுத்துவிட்டான்.

இந்த ஜனவரியில் இரண்டு காகிதங்கள் ஒரே வாரத்தில் வந்தன. ஒன்று அழகுத்தாய்க்கு: மனு ஏற்கப்பட்டது, விண்ணப்பதாரர் நேரில் வந்து உறுதிமொழி எடுக்க வேண்டும். மற்றது சோலைக்கு: பெர்மிட் இனி நீட்டப்படாது, மார்ச் முடிவதற்குள் இலங்கை திரும்ப வேண்டும். திரும்பினால் தங்க அங்கே இடமில்லை. அவர்கள் இருந்த லயத்து வரிசை வீடு போன ஆகஸ்டுக் கலவரத்தில் எரிந்துவிட்டது.

3

பக்கத்து வீட்டு மாரித்தாய் அழகுத்தாய்க்கு வந்த காகிதத்தை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள்.

"எதுக்குய்யா மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கிட்டு? பேரு வந்துருச்சு. ஆளும் ஒண்ணு இருக்கு."

"செத்தவ பேருக்குல்ல வந்திருக்கு."

"நான் மட்டும்? மாரித்தாயிங்கிறது எம் மாமியா பேரு. அவ செத்த மறுநாளே அந்தப் பேருக்குப் போயி நின்னேன். செக்ரோலுப்படி எனக்கு எழுபத்தொம்பது வயசு. கெழவியாச்சேன்னு ஒங்க தொரை ஒரு நாளாச்சும் எங் கூடைய எறக்கி வச்சிருக்காரா?"

தோட்டத்தில் இது தப்பில்லை. ஒரு பேர் காலியானால் அதே வீட்டில் இன்னொருத்தி அந்தப் பேருக்கு வேலைக்கு வருவாள். சோலையும் அப்படித்தான் வருகிறாள். தினமும் காலையில் செக்ரோலில், அந்த ஆஜர் பட்டியலில், "அழகுத்தாய், ஆஜர்" என்று எழுதுகிறவன் நல்லமுத்துதான்.

"அவளத்தானய்யா நீ நாளைக்குக் கட்டப்போற. முன்னாடியே எழுதிக்கிட்டா என்ன?"

(இதற்கு அவன் ஒரு பதில் சொன்னதாக எழுதி அடித்திருக்கிறான்.)

4

அவன் போட்ட திட்டம் வேறு. அழகுத்தாயின் இறப்புச் சான்றைக் கொடுத்துவிட்டு, சோலையின் பெர்மிட்டுக்காகக் கெஞ்சுவது. சான்று சட்டைப்பையில் இருந்தது. சோலையையும் கூட்டிக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்குப் போனான்.

பஸ்ஸில் அவள் ஆரம்பித்தாள். "அத்தான், மாரித்தாயக்கா சொன்னத யோசிச்சேன்."

"ம்."

"அக்கா பேருக்குக் காய் எடுக்கிறேன். அது சாயங்காலமானா முடிஞ்சிரும். இது முடியாதில்ல?"

"முடியாது."

"அப்ப நான் செத்தா, யாரு செத்ததா எழுதுவீங்க?"

அவன் வெளியே பார்த்தான். வளைவு ஒன்று போனபிறகு அவளே சொன்னாள்.

"திரும்பிப் போகவும் பயமா இருக்கு."

5

கிளார்க்கைப் பற்றி ஒரு சந்தேகம். முதல் பிரதியில் எழுதுகிறவன் அவரைக் கெட்டவராக்கிப் பார்த்தான். மேஜையில் தட்டினார், இரைந்தார். அப்படி எழுதியது நிற்கவில்லை. இருந்தது பல்வலிக்குக் கிராம்பை அதக்கிக்கொண்ட ஒரு மலையாளி. தனக்கு முன்னிருந்தவர்கள் சேர்த்துவைத்த ஃபைல்களை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்தார்.

நல்லமுத்து கடிதத்தை நீட்டினான். சான்றை எடுக்கப் பைக்குள் கைவிட்டான். அதற்குள் அவர் ஃபைலின் நாடாவை அவிழ்த்து, மனுவில் ஒட்டியிருந்த அந்தப் போட்டோவைப் பார்த்தார். சோலையைப் பார்த்தார்.

"அழகுத்தாய் அல்லே? ஏழு வருஷம் ஆயி. ஆளு ஒண்ணும் மாறலை, கேட்டோ."

சோலைக்கு இப்போது இருபது. அழகுத்தாயே உயிரோடு வந்து நின்றிருந்தால் இருபத்தேழு. கொஞ்சம் உற்றுப் பார்த்திருப்பார். ஆபீஸ் எடுத்துக்கொண்ட ஏழு வருஷத்தில் அந்தப் போட்டோ தங்கையுடையதாகிவிட்டது.

"பர்த்தாவும் வந்தல்லோ. நன்னாயி," என்று உறுதிமொழித் தாளை மேஜையில் வைத்துப் பேனாவையும் வைத்தார்.

நல்லமுத்துவின் கை பைக்குள் இருந்தது.

6

முடிவுகள்.

அவன் சான்றை எடுத்துக் கொடுக்கிறான். கிளார்க் வருத்தப்படுகிறார். அது உண்மையான வருத்தம். "விண்ணப்பதாரர் மரணம், மேல் நடவடிக்கை இல்லை" என்று எழுதி நாடாவைக் கட்டுகிறார். பெர்மிட் தன் கையில் இல்லை என்கிறார். மார்ச்சில் ராமேஸ்வரம், கப்பல்.

அல்லது சோலை கையெழுத்துப் போடுகிறாள். மாரித்தாய் பாயசம் வைக்கிறாள். சோலை இங்கேயே இருக்கிறாள், ஆனால் சோலை என்று ஒருத்தி இல்லை. நல்லமுத்து இனி எந்த ஆபீசிலும் தன் மனைவி செத்துவிட்டாள் என்று சொல்ல முடியாது. அவளுக்கு அவன்

(இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.)

அல்லது, அதிகாரி லீவு, அடுத்த மாதம் வாருங்கள். இது ஆபீசுக்குப் பழக்கமான முடிவு. எழுதுகிறவனுக்கு இதுதான் பிடித்திருந்தது. அன்று அதிகாரி உள்ளேதான் இருந்தார்.

எழுதுகிறவன் மூன்றையும் அடித்துவிட்டான்.

7

மிஞ்சியிருப்பது இவ்வளவுதான். உறுதிமொழி "நான்" என்று தொடங்குகிறது. அடுத்துப் பேர் எழுத இடம் விட்டிருக்கிறது. கிளார்க் தமிழில் சொல்லித்தருகிறார்.

"நான். அப்புறம் நின் பேரு. ஒறக்கச் சொல்லு."

சோலை பேனாவை எடுக்கவில்லை. தள்ளி வைக்கவும் இல்லை. அத்தானின் முகத்தைப் பார்க்கிறாள். அவன் சட்டைப்பையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அந்த முகத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை. அது எழுதுகிறவனுக்கு நிச்சயமாகத் தெரியும்.

"நான்," என்கிறாள்.

உங்களுக்கு இப்போது இரண்டு பெண்களையும் தெரியும். அந்த இடத்தில் ஒரு பேர்தான் கொள்ளும்.

நான், .................... ,

கிளார்க்குக்குச் சாப்பாட்டு நேரம் ஆகிறது.