காது வைத்த கண்ணாடிக் கிண்ணம்

மூன்றாவது கிண்ணமும் உடைந்த அன்று ஹிஸ்கே திட்டவில்லை. திட்டுவதற்கும் தெம்பு வேண்டுமே. முதியோர் இல்லத்துச் சமையலறையில் காலையிலிருந்து நின்ற கால்களோடு வீட்டுக்கு வந்தவள், கோட்டைக்கூடக் கழற்றாமல் விளக்குமாற்றை எடுத்து மேஜைக்கடியில் கிடந்த சில்லுகளைக் கூட்டினாள். அவள் புருஷன் வீப்ரன் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து திருதிருவென்று முழித்துக்கொண்டிருந்தான். தானாக விழுந்துவிட்டதாம். தானாக விழ அதற்கென்ன கால் முளைத்திருக்கிறதா?

வீப்ரனுக்குப் பதினோரு வருடமாக நரம்பு நோய். ஒருகாலத்தில் ஹார்லிங்கன் துறைமுகத்தில் கப்பல் இயந்திரங்களைப் பிரித்துப்போட்டு மாட்டிய கைகள், இப்போது ஒரு தேக்கரண்டியைப் பிடிக்கவே நடுங்கின. சாயங்காலம் ஆறு மணியானால் தொடைச் சதை முறுக்கிக்கொள்ளும். பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பான். மாத்திரை எதுவும் கேட்காமல், கடைசியில் டாக்டர் கஞ்சாப் பூவை எழுதிக் கொடுத்தார். மருந்துக் கடையில் டப்பாவில் போட்டுத் தருவார்கள். அதைப் புகைக்கக் கூடாது, ஆவியாக்கி இழுக்க வேண்டும். அதற்காக மேஜைமேல் ஒரு பெட்டி, ஒரு முழு ரொட்டி அளவுக்கு. அதன் தலையில் சூடேறும் குழல் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். பூவைக் கிள்ளிப் போட்ட கண்ணாடிக் கிண்ணத்தை அதன்மேல் பொருத்தி, ரப்பர் குழாய் வழியாக மெல்ல இழுத்தால் கால் மணி நேரத்தில் முறுக்கு இறங்கிவிடும்.

பூவைப் போடுவது, பொருத்துவது, கழுவுவது எல்லாம் முன்பு ஷெரீடாவின் வேலை. சுரினாம் நாட்டிலிருந்து வந்து குடியேறியவள், சரியான வாயாடி, பகலெல்லாம் உதவிக்கு இருந்தவள். வசந்த காலத்தில் அவள் வேறு ஊருக்குக் குடிபோய்விட்டாள். அன்றிலிருந்து எல்லாம் ஹிஸ்கேயின் தலையில்தான். கழுவ நேரமேது, கிண்ணத்தைத் துணியால் துடைத்து வைப்பதோடு சரி.

நான்கு வருடமாக ஹிஸ்கே ஒரு ராத்திரிகூட வெளியே தங்கியதில்லை. டெர்ஸ்கெல்லிங் தீவில் இருக்கும் அக்கா நீன்கே ஒவ்வொரு வாரமும் போனில் கூப்பிட்டு, ரெண்டு ராத்திரி வந்து வெறுமனே தூங்கிட்டுப் போடி என்று மன்றாடுவாள். இந்த முறை ஹிஸ்கே சரியென்று சொல்லிவிட்டாள். அடுத்த வாரச் சனிக்கிழமை படகு. சாப்பாட்டைப் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார். படுக்க வைக்க ஒன்பது மணிக்கு நர்ஸ் வருவாள். ஆனால் முறுக்கு வருவது ஆறு மணிக்கு. அந்த நேரத்தில் வீப்ரன் தானே கிண்ணத்தை எடுத்து, தானே நிரப்பி, தானே பொருத்த முடிந்தால்தான் அவள் படகேற முடியும். முடியாவிட்டால் இல்லை, அவ்வளவுதான்.

லீவார்டன் நகரில் இந்தச் சாமான்கள் விற்கும் ஒரு கடைக்கு ரயிலேறிப் போனாள். உடைந்த கிண்ணத்தின் கழுத்தை ஒரு காலுறைக்குள் போட்டுக் கொண்டுபோயிருந்தாள், அளவு தப்பிவிடக் கூடாதே. கடைக்காரப் பெண், கழுத்து வரை பச்சை குத்தியவள், ஏழெட்டுக் கிண்ணங்களை வரிசையாக வைத்தாள். ஹிஸ்கே இருப்பதிலேயே பெரியதை எடுத்தாள். காலையில் ஒரு தடவை நிரப்பினால் நாள் முழுக்க ஓடுமே. அப்படி ஓடாது என்றாள் அந்தப் பெண். அடியில் இருப்பது கருகிப் போகும், மேலே இருப்பது பச்சையாகவே கிடக்கும். மெல்லிய கண்ணாடி சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் உடையும். தடித்தது மெதுவாகச் சூடாகும், ஆனால் தாங்கும்.

"யாரு நிரப்புவாங்க?" என்று கேட்டாள்.

"நான்தான்."

"நீங்க இல்லாதப்ப?"

இத்தனை வருடத்தில் டாக்டர், நர்ஸ், சொந்தக்காரர், ஒருவரும் கேட்காத கேள்வி. ஹிஸ்கே தான் இல்லாத ஒரு நாளை நினைத்துப் பார்த்தாள். அது அவ்வளவு நிம்மதியாக இருந்தது, அவளுக்கே பயமாகிவிட்டது.

அந்தப் பெண் உள்ளே போய் இன்னொன்றைக் கொண்டுவந்தாள். தடித்த கண்ணாடி, அகன்ற வாய், பக்கவாட்டில் காபிக் கோப்பைக்கு இருப்பது போல ஒரு காது. கை நடுங்கினாலும் விரல் மாட்டிக்கொள்ளும். ஹிஸ்கே வேறெதையும் பார்க்கவில்லை.

புதுசாயிற்றே என்று, வீட்டில் அதைக் கோப்பைகளைக் கழுவுகிற மாதிரியே கழுவினாள். தொட்டி நிறைய வெந்நீர், நுரை பொங்கப் பொங்கச் சோப்பு, ஒரு முக்கு, ஒரு தேய்ப்பு. நுரையோடு எடுத்து வைத்து, துணியால் துடைத்தால் தீர்ந்தது. மறுபடி குழாயில் அலசித் தண்ணீரை வீணாக்குகிற பழக்கம் அந்தத் தெருவிலேயே யாருக்கும் கிடையாது.

வீப்ரன் கிண்ணத்தின் காதில் விரலை மாட்டி, நாலு தரம் தடுமாறி, ஐந்தாம் தரம் அதைப் பொருத்தியேவிட்டான். ஹிஸ்கேவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. ஆனால் இரண்டு இழுப்புதான் இழுத்திருப்பான், தொண்டை பிய்ந்துபோகிற மாதிரி இருமினான். கண்ணாடி சரியில்லை என்று தள்ளி வைத்தான். மறுநாளும் அதே கதை. அதற்கடுத்த நாளும். அவளும் பண்ணாதது பாக்கியில்லை. பூவை அழுத்தாமல் உதிரியாகப் போட்டாள், சூட்டைக் குறைத்தாள், அடியில் இருந்த கம்பி வலையை மாற்றினாள், நடுவில் குச்சியால் கிளறிவிட்டாள். கிண்ணத்தை இன்னும் நன்றாக, இன்னும் நிறையச் சோப்புப் போட்டுக் கழுவினாள். அவன் இருமுவது கூடியதே தவிரக் குறையவில்லை. ஒவ்வொரு சாயங்காலமும் முறுக்கிய தொடையைப் பிடித்துவிட்டுப் பிடித்துவிட்டு அவள் மணிக்கட்டு வீங்கிப்போனது.

புதன்கிழமை பொறுமை போய்விட்டது. "நான் போகக் கூடாதுன்னு வேணும்னே இருமறியா?" என்று கேட்டுவிட்டாள். வீப்ரன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சொன்ன மறுநொடியே அவளுக்கு வெட்கமாகப் போயிற்று. ஆனாலும் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அவ்வளவு அலுப்பு.

வியாழக்கிழமை சீக்கிரமே வீட்டுக்கு வந்தாள். கண்ணாடியில் கோளாறா, பூவில் கோளாறா, பார்த்துவிடுவது என்று, பூவே போடாமல் வெறும் கிண்ணத்தைப் பொருத்திச் சூடேற்றித் தானே ஒரு இழுப்பு இழுத்தாள். நாக்கில் எலுமிச்சை. தொண்டையில் காரம். முப்பது வருடமாகச் சமையலறையில் அவள் மூக்கில் ஏறிக்கொண்டிருக்கும் அதே வாசனைதான். குழாயைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"வீப்ரன், இது சோப்பு."

"ம்."

அந்த 'ம்' அவளை உறுத்தியது. அதில் ஆச்சரியமே இல்லை.

"உனக்குத் தெரியுமா?"

"ஷெரீடா சொல்லுவா. உங்க ஊர்ல காபியிலகூட சோப்பு வாடைன்னு நக்கலடிப்பா. அவ குழாய்ல அலசி அலசித்தான் வைப்பா."

"எப்ப தெரிஞ்சுது?"

"மொத நாளே."

"ஒன்பது நாளா தெரிஞ்சுக்கிட்டே சோப்பை இழுத்தியா?"

வீப்ரன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு பேசினான். "சொன்னா நீ போயிடுவே. ரெண்டு ராத்திரி நிம்மதியாத் தூங்குவே. தூங்கி எழுந்தா, எதுக்குத் திரும்பிப் போகணும்னு தோணும். தோணாதா? உன் எடத்துல நான் இருந்தா எனக்குத் தோணும்."

பளாரென்று ஒன்று விடலாமா என்றிருந்தது அவளுக்கு. அவன் தலையை மடியில் வைத்துக்கொள்ளலாமா என்றும் இருந்தது. இரண்டுக்கும் தெம்பில்லை. தோணாது என்று ஒரு பொய் சொல்லலாம். கடையில் நின்றபோது நினைத்தது ஞாபகம் வந்து அதுவும் வாயில் வரவில்லை. எழுந்து போய்க் கிண்ணத்தைக் குழாயடியில் பிடித்தாள். தண்ணீர் ஓடியது. விரலால் தேய்த்தால் கண்ணாடி கிறீச்சிடும் வரைக்கும் ஓடவிட்டாள்.

அவன் முன்னால் கொண்டுவந்து வைத்துவிட்டு, உதவப் போகாமல் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வீப்ரன் பூவைக் கிள்ளினான். பாதி கிண்ணத்தில், பாதி மேஜையில். கிண்ணத்தின் காதில் விரலை மாட்டித் தூக்கினான். மூன்றாம் தரம் கழுத்து குழலில் போய் உட்கார்ந்தது. சூடேறும் வரை காத்திருந்தான். பிறகு இழுத்தான், நீளமாக. இருமல் வரவில்லை.

"படகு எத்தனை மணிக்கு?" என்று கேட்டான்.

"காலைல பத்தேகாலுக்கு. திங்கக்கிழமை சாயங்காலம் திரும்பிடுவேன்."

வீப்ரன் மேஜையில் சிந்திய தூளை விரல் நுனியால் ஒற்றி ஒற்றி டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தான்.

"வரணும்னு தோணாட்டியும் வருவேன்" என்றாள் ஹிஸ்கே.

அவன் தலையாட்டினான். அவள் மாடிக்குப் போய்ப் பயணப் பெட்டியை எடுத்துத் தூசி தட்டினாள்.