தொட்டுவிட்டுப் போ

தேவாலயத்தை ஒட்டி வண்டிகள் நிற்கும் திடலில் தடுப்பூசி போடும் அந்த வெள்ளை வேன் வந்து நின்றிருந்தது. ரோசால்பா முதலில் பார்த்தது குடியேற்றக் காவலர்களின் பச்சைச் சீருடை எங்காவது தெரிகிறதா என்றுதான். தெரியவில்லை. ஆனாலும் கால் நகர மறுத்தது. இடுப்பிலிருந்த குழந்தை இட்செல் இருமினாள். பாதாம் தோப்புகளில் காய் உதிர்க்க மரத்தை உலுக்கும் மாதம்; புழுதியில் ஊரே இருமும். காலையிலிருந்து ரோசால்பா தனக்குச் சொல்லிக்கொண்டிருந்ததும் அதைத்தான்.

மூத்தவன் ஆதானுக்கு ஊசி போட்ட மறுநாள் உடம்பு தீயாய்க் கொதித்து வலிப்பு வந்துவிட்டது. இப்போது அவன் பந்தடித்துக்கொண்டு திரிகிறான். ஆனால் அன்று மேலே செருகிய கண்கள் அவளை விட்டுப் போகவில்லை. இட்செலுக்கு ஒன்றரை வயதாகியும் ஓர் ஊசிகூடப் போடவில்லை. போன வாரம் அடுத்த வீட்டுப் பையனைத் தட்டம்மை என்று ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதற்குச் சில நாள் முன்னால்தான் அவனும் இட்செலும் ஒரே தொட்டியில் தண்ணீர் இறைத்து விளையாடியிருந்தார்கள்.

"நகருடி," என்றாள் குழந்தையின் ஞானத்தாய் நொயேமி. "காது குத்துனப்பகூட நீ இப்படி நடுங்கலியே."

"பேரு, வீடு எல்லாம் கேப்பாங்க. எலிசேயோவுக்கு இந்த நாட்டுல இருக்கப் பேப்பர் இல்லன்னு தெரிஞ்சா, என் புருஷன் கதி?"

"எதுவும் கேக்கமாட்டாங்களாம். பாதிரியார் விசாரிச்சுட்டாரு."

"போன்ல வீடியோ போடுற ஒரு பொம்பள சொன்னாளே, ஊசி போட்டா புள்ளைக்குப் பேச்சே நின்னுடும்னு?"

"அவதான் உடம்பு இளைக்க டீத்தூளும் வித்தா. வாங்கிக் குடிச்சேன். எங்க, இளைச்சிருக்கேனா பாரு!" நொயேமி தன் வயிற்றைத் தட்டிக் காட்டினாள்.

ரோசால்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் படியேறிவிட்டாள்.

உள்ளே இருந்த நர்ஸ் இளம்பெண். கையில் உறை, முகத்தில் கவசம். "அடடா, என்ன கண்ணு! கருகருன்னு!" என்று குழந்தையைப் பார்த்துச் சொல்லிவிட்டு மருந்துப் பெட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தொடவில்லை.

ரோசால்பாவின் ஊர் வழக்கில், குழந்தையை மெச்சினால் உடனே தொட்டுவிட வேண்டும். தொடாமல் போனால் மெச்சிய கண் குழந்தைமேலேயே தங்கிவிடும். இட்செலின் மணிக்கட்டைப் பார்த்தாள். சிவப்புக் கயிறு இருந்தது. கண்படாமலிருக்க அதில் கோத்த கறுப்பு மணியைக் காணோம். அப்போதுதான் நினைவு வந்தது: ஆதானுக்கு ஊசி போட்டவளும் அவன் சுருட்டை முடியை மெச்சிவிட்டுத் தொடாமல்தான் போனாள். இத்தனை நாள் பயந்தது ஊசிக்கா, கண்ணுக்கா?

"நர்ஸம்மா... சும்மா பாத்துட்டுப் போகாதீங்க. ஒரு தடவ தொட்டுடுங்க."

நர்ஸ் சிரிக்கவில்லை. "ஐயோ, எங்கம்மா பாத்திருந்தா என் தலையில குட்டியிருப்பாங்க." உறையைக் கழற்றினாள். வெறுங்கையைக் குழந்தையின் நெற்றியில் வைத்தாள். "ஆண்டவர் காப்பாத்தட்டும், தங்கம்."

ரோசால்பா மூச்சு விட்டாள். இனிப் பயமில்லை. அவளே குழந்தையின் சட்டைக் கையை மேலே சுருட்டினாள்.

நர்ஸ் கையை எடுக்கவில்லை. அது நெற்றியிலிருந்து கழுத்துக்கு இறங்கியது, காதுக்குப் பின்னால் போனது, மறுபடி நெற்றிக்கே வந்தது.

"உடம்பு சுடுதே. எப்பலேருந்து இருமுறா?"

"புழுதிம்மா... தோப்புல..."

பின்னால் ஏறி வந்திருந்த நொயேமியின் முகம் மாறிவிட்டது. படியில் காத்திருந்த தாய்மார்களைப் பிள்ளைகளோடு தள்ளிப் போகும்படி நர்ஸ் மறுகையால் சைகை காட்டினாள். நெற்றியில் வைத்த கை அங்கேயே இருந்தது.