பகல் பன்னிரண்டு

அந்த வீட்டில் மருமகளுக்குப் "புரூஃப்" என்று பெயர். அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை. கல்யாணப் பத்திரிகையானாலும் மருந்து டப்பாவின் அட்டையானாலும் கையில் கிடைத்தால் அவள் இரும்பு ஸ்கேலை எடுத்து வரிக்கு அடியில் வைத்துவிடுவாள். ஒரு வரி முடிந்தால்தான் ஸ்கேல் கீழே இறங்கும். "சாப்பாட்டையும் ஸ்கேல் வெச்சுத்தான் சாப்பிடுவியா?" என்று அவள் கணவன் கேட்பது வழக்கம். அவன் லிஃப்ட் மெக்கானிக். நட்டு, போல்ட்டு தவிர உலகத்தில் எதையும் இரண்டாவது தடவை பார்க்கிற பழக்கம் அவனுக்குக் கிடையாது.

ஒரு வாரமாக வீட்டில் கார் இன்சூரன்ஸ் சண்டை. பழைய கம்பெனியிலேயே புதுப்பிப்பதா, புதுக் கம்பெனிக்கு மாறுவதா என்று. புதுசு மலிவு, போனிலேயே முடிந்துவிடும் என்றான் மெக்கானிக். மாமனார் பிடிவாதமாக மறுத்தார். முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டி ரிட்டயரானவர், இப்போது வயது எழுபத்துமூன்று. பேத்தியைப் பள்ளிக்கூடத்திலிருந்து தினமும் காரில் கூட்டி வருவது அவர்தான்.

"பதினோரு வருஷமா நம்ம ஏஜென்ட்தான் போடறாரு. மனுஷன் முகம் பார்த்துப் பேசுவாரு. போனுக்கு முகம் இருக்கா?" என்றார்.

"முகத்தை வெச்சு என்னப்பா பண்றது? ரேட்டைப் பாருங்க."

பழைய பாலிசியின் கடைசி நாள் வந்தும் முடிவாகவில்லை. காலையிலிருந்து ஏஜென்ட் நாலு தடவை கூப்பிட்டார். மெக்கானிக்குக்கு அன்று லீவு. "சாயங்காலம் சொல்றேன் சார்" என்று பிடிகொடுக்காமல் பேசிப் போனை வைத்தான். "ராத்திரி பன்னெண்டு வரைக்கும் டைம் இருக்கு. இவருக்கு என்ன அவசரம்?"

மதியம் இரண்டு பத்துக்கு மாமனார் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கார் தெரு முனை திரும்பியது. வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த அச்சுப்படியைத் திருத்தி முடித்துவிட்டு, நம் புரூஃப் சாப்பாட்டு மேஜையில் இரண்டு கம்பெனிக் காகிதங்களையும் பரப்பினாள். இந்த ஆண்கள் சண்டை போட்டார்களே தவிர ஒருவரும் முழுசாகப் படிக்கவில்லை என்பது அவளுக்கு நிச்சயம். பழைய பாலிசியின் முதல் பக்கத்தில் ஸ்கேலை வைத்தாள். நாலாவது வரியில் ஸ்கேல் நின்றுவிட்டது.

"ஏங்க, இங்க வாங்க."

"என்ன, எழுத்துப் பிழையா?"

"பகல் பன்னெண்டு மணி வரைன்னு போட்டிருக்கு. ராத்திரி இல்ல."

அவன் வந்து குனிந்து பார்த்தான். பார்த்துவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். மணி இரண்டு இருபத்தைந்து. அவன் முகத்தில் ஈயாடவில்லை.

அவள் போனை எடுத்து மாமனாரைக் கூப்பிட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. எதிர்பார்த்ததுதான். வண்டியில் சாவி போட்டால் போனை அணைத்துவிடுவது அவருடைய பஸ் காலத்துச் சட்டம். திரும்பி வந்து எஞ்சினை நிறுத்துகிற வரையில் அவரைப் பிடிக்க முடியாது. காரில் வரப்போவது அவள் பெண்.

"பதறாதே. இதோ, ரெண்டு நிமிஷத்துல புதுக் கம்பெனியில போட்டுடறேன்" என்று அவன் போனைத் திறந்தான். விறுவிறுவென்று நிரப்பினான். பிறகு விரல் நின்றது.

"வண்டியை நாலு பக்கமும் இப்போ போட்டோ எடுத்து அனுப்பணுமாம்."

"வண்டிதான் இங்க இல்லையே."

"ஞாயித்துக்கிழமை கழுவிட்டு எடுத்தது இருக்கு. அதைப் போட்டுட்டா போச்சு."

அவள் போனைப் பிடுங்கி அடுத்த வரியைப் படித்தாள். 'இந்த நிமிடத்தில் வாகனம் சேதமின்றி என் கண்ணெதிரே நிற்கிறது என்று உறுதி கூறுகிறேன்.'

"நிக்குதா உங்க கண்ணெதிரே?"

"அரை மணி நேரத்துல வந்துடப் போகுது. அதுக்குள்ள என்ன ஆயிடும்?"

"ஒண்ணும் ஆகாதுன்னா அப்புறம் இன்சூரன்ஸ் எதுக்கு?"

அவள் இன்னும் கீழே இறங்கினாள். அங்கே ஒரு கேள்வி இருந்தது. 'எழுபது வயதுக்கு மேற்பட்டவர் ஓட்டுவதாக இருந்தால், கடைசியாகக் கண் பரிசோதனை செய்த தேதி.'

தேதி எது? அவளுக்குத் தெரியவில்லை. அவனுக்கும் தெரியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை மாமனார் விட்டேற்றியாகக் கேட்டது அப்போதுதான் அவள் நினைவுக்கு வந்தது. "அந்தப் புதுக் கம்பெனியில கேள்வி எல்லாம் நிறைய கேப்பாங்களாமேம்மா?" கேட்டபோது அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், ஒரு கண்ணை மூடிக்கொண்டு. வெயில் கூசுகிறது போல என்று நினைத்து அவள் ஜன்னல் திரையை இழுத்துவிட்டுப் போனாள். ஊர்ப் பிழையெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுகிறவள், சொந்த வீட்டில் கோட்டைவிட்டிருக்கிறாள். அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது.

ஏஜென்ட் அனுப்பியிருந்த புதுப்பிப்புத் தாளை இழுத்தாள். அதிலும் கண்ணைப் பற்றிய கேள்வி இருந்தது. ஆனால் பதிலும் கூடவே இருந்தது. 'ஓட்டுநர் கண்பார்வை: நலம்.' நீல மையில் ஏஜென்ட்டின் கையெழுத்து.

அவரை அவளே கூப்பிட்டாள். விஷயத்தைச் சொன்னதும், "அடக் கடவுளே, இதுக்குத்தானேம்மா காலையிலேர்ந்து கத்தறேன்" என்றார். "பாலிசி முடிஞ்சு லேப்ஸ் ஆயிட்டா வண்டியை நேர்ல பார்த்தாத்தான் போட முடியும். பள்ளிக்கூடம் என் ஆபீசுக்குப் பக்கம். நான் ஸ்கூட்டர்ல போய் வண்டியை அங்கேயே நிறுத்தி வைக்கிறேன்."

"சார், ஒரு நிமிஷம். கண்பார்வை நலம்னு எழுதியிருக்கீங்களே, மாமாகிட்ட கேட்டீங்களா?"

ஏஜென்ட்டின் குரல் இறங்கியது.

"பதினோரு வருஷமா நானேதான்மா எழுதிட்டு வர்றேன். பஸ் ஓட்டின மனுஷன்கிட்ட கண்ணு தெரியுதான்னு எப்படிம்மா கேக்கறது?"

மணி இரண்டு ஐம்பத்தைந்துக்கு ஏஜென்ட் மறுபடியும் பேசினார். மூச்சு வாங்கியது. "வண்டி இங்க இல்லம்மா. பாப்பாவை ஏத்திட்டுக் கிளம்பிட்டாராம். இப்பத்தான்னு வாட்ச்மேன் சொல்றாரு."

அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு இருபது நிமிஷம். மெக்கானிக் வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தான். மூணே கால் ஆயிற்று. மூன்றரையும் ஆயிற்று. அவள் மாமனாரின் எண்ணைப் போட்டுப் போட்டுப் பார்த்தாள். தெருவில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் இருவரும் எழுந்தார்கள், வேறு வண்டி என்று தெரிந்ததும் உட்கார்ந்தார்கள். எங்கேயோ தூரத்தில் ஆம்புலன்ஸ் ஒலி கேட்டது. அது நிற்கும் வரை அவன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான்.

"என்னாலதான். காலையிலயே போட்டிருக்கணும்" என்றான்.

"அதை அப்புறம் பேசிக்கலாம். நீங்க பைக்கை எடுங்க, நாம போய்ப் பார்க்கலாம்."

அவன் ஹெல்மெட்டை எடுக்கத் திரும்பியபோது கேட் திறந்தது. முதலில் குழந்தை ஓடி வந்தாள். பின்னால் மாமனார் பள்ளிக்கூடப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மெதுவாக நடந்து வந்தார். காரைக் காணோம்.

"அம்மா! நாங்க பஸ்ல வந்தோம்! தாத்தா டிக்கெட் எடுத்தாரு!"

அவள் குழந்தையை அள்ளிக்கொண்டாள். தலை, கை, முழங்கால் எல்லாவற்றையும் தடவிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. போன உயிர் திரும்பி வந்தது, வந்ததும் கண்ணில் தண்ணீராகக் கொட்டியது.

"வண்டி எங்கப்பா? எங்கயாவது இடிச்சிட்டீங்களா?" என்றான் மகன்.

"இடிக்கல." மாமனார் நாற்காலியில் உட்கார்ந்தார். "மருந்துக் கடை வாசல்ல ஓரமா நிறுத்தியிருக்கேன். போனையும் அதுலயே விட்டுட்டேன்." பிறகு மருமகளைப் பார்த்துத்தான் சொன்னார். "எதிர்ல வந்த லாரி ரெண்டா தெரிஞ்சதும்மா. எது நிஜ லாரின்னு தெரியல. தனியா போறப்போ இப்படி ரெண்டு மூணு தடவை ஆயிருக்கு, சமாளிச்சிட்டேன். இன்னிக்குப் பின்னாடி குழந்தை பாடிட்டு வந்தா. அதுக்கு மேல ஓட்ட மனசு வரல."

பாலிசி பகலிலேயே முடிந்துபோனதை அவரிடம் சொல்ல இருவருக்கும் வாய் வரவில்லை. அது இப்போது சின்ன விஷயமாகிவிட்டது.

ஏஜென்ட்டிடமிருந்து போன் வந்தது. மெக்கானிக் எடுத்தான். "வந்துட்டாங்க சார், ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. மருந்துக் கடை வாசல்ல வண்டி நிக்குது, நீங்க பார்த்துட்டுப் போட்டுடுங்க. ஆமா சார், உங்ககிட்டயேதான்." ஒரு வார ரேட்டுச் சண்டை அத்துடன் தீர்ந்தது.

"ஆனா ஃபார்மை நான்தான் நிரப்புவேன்னு சொல்லுங்க" என்றாள் அவள்.

மாமனார் எழுந்து மேஜைக்கு வந்தார். ஏஜென்ட்டின் புதுப்பிப்புத் தாளைக் கையில் எடுத்தார், தூரத்தில் நீட்டிப் பிடித்தார், கிட்டே கொண்டுவந்தார், பிறகு கீழே வைத்துவிட்டார்.

"இதுல ஓட்டுறவர்னு என் பேரு இருக்கும் பாரு. அதை அடிச்சிடும்மா."

"கண்புரையாத்தான் இருக்கும், ஆபரேஷன் பண்ணினா சரியாயிடும் மாமா. நாளைக்கே கண் டாக்டர்கிட்ட போகலாம்."

"போகலாம். அப்புறம் எழுதிக்கலாம். இன்னிக்கு அடி."

அவள் சிவப்புப் பேனாவைத் திறந்தாள். ஒரு நாளைக்கு நூறு சொல்லை யோசிக்காமல் அடிக்கிறவளுக்குக் கை ஓடவில்லை. அவள் தயங்குவதைப் பார்த்து, உதவி செய்கிறவரைப் போல மாமனார் குனிந்தார்.

"இதோ, இங்கதானே இருக்கு" என்று தன் பெயரின் மேல் விரலை வைத்தார்.

விரல் ஒரு வரி கீழே தள்ளி, வண்டியின் நிறம் எழுதியிருந்த இடத்தில் இருந்தது.

"ஆமா மாமா, அதேதான்" என்று சொல்லிவிட்டு, அவள் ஸ்கேலை மேல் வரியில் வைத்துக் கோடு இழுத்தாள்.