உள்ளங்கை அகலம்

கடற்கரை வெயிலுக்கு முகத்தில் பூசக் களிம்பு வேண்டும் என்று கையை நீட்டினாள் நாத்தனார். பைக்குள் துழாவினேன். முதலில் தட்டுப்பட்டது அந்தக் காசுதான்.

தொழிற்சாலையில் எனக்கு அதுதான் கருவி. புதிதாகச் செய்த படகின் உடலை அங்குலம் அங்குலமாகக் காசால் தட்டிக்கொண்டே போவேன். உள்ளடுக்குகள் நன்றாக ஒட்டியிருந்தால் கணீரென்று ஒலிக்கும். விட்டுப்போயிருந்தால் சத்தம் மங்கும். அந்த இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டுவிட்டால் படகு வெளியே போகாது. பன்னிரண்டு வருடங்களில் என் காதை யாரும் சந்தேகித்ததில்லை.

"சீக்கிரம் அண்ணி. உங்க வீட்டுக்காரர் இந்தக் களிம்பையும் எடை போட்டுடுவார்."

என் கணவரைப் படகுச் சங்கத்தில் தராசு என்றுதான் கூப்பிடுவார்கள். இன்று காலை தங்கையை இரண்டாவது காபி குடிக்க விடவில்லை.

"வயித்துக்குள்ள போனாலும் எடை எடைதான்," என்றார், கயிற்றிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஒன்பது வருடமாக இருவரும் ஜோடியாகப் பந்தயத்துக்குப் போகிறார்கள். இரண்டு மெல்லிய உடல்கள், அவற்றை இணைக்கும் குறுக்குக் கம்பங்கள், மேலே பாய். படகென்றால் அவ்வளவுதான். காற்று ஏறினால் ஓர் உடல் நீரைவிட்டு எழும்பும். நாத்தனார் இடுப்பில் கொக்கி மாட்டி, எழும்பிய உடலின் விளிம்பில் காலை ஊன்றி, பாய்மரக் கம்பியில் தொங்கியபடி கடலுக்கு மேல் சாய்ந்து நிற்பாள்.

எங்கள் தொழிற்சாலை பெயர் வாங்கியதே இந்தப் படகுகளால்தான். இப்போது படுக்கையறையும் குளிர்பெட்டியும் வைத்த உல்லாசப் படகுகள் மட்டுமே செய்கிறது. "வாங்குறவங்களுக்கு வேகம் வேணாம்மா. காபி சிந்தக் கூடாது. அவ்வளவுதான்," என்றார் மேலாளர். சங்கத்துக்காரர்கள் நடையாய் நடந்து கெஞ்சியதில் கடைசியாக ஒரே ஒரு பந்தயப் படகுக்குச் சம்மதித்தார். வெள்ளிக்கிழமைக்குள் கூடம் காலியாக வேண்டும். அந்தப் படகுகளை வார்க்கும் அச்சையும் அன்றே அறுத்துவிடுவார்கள். அந்தப் படகு யாருக்கு என்று சங்கத்தில் சீட்டுக் குலுக்கினார்கள். என் கணவருக்கு விழுந்தது.

வெள்ளிக்கிழமை காலை, அந்தப் படகின் முன் குறுக்குக் கம்பத்துக்குச் சற்றுப் பின்னால், உள்ளங்கை அகலத்துக்குச் சத்தம் மங்கியது. மறுபடி தட்டினேன். மங்கியது. பக்கத்தில் அச்சை அறுக்க ரம்பத்தை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த இரைச்சலில் காது என்ன கண்டது என்று எனக்கே சொல்லிக்கொண்டு, படகு சரி என்று கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கு அதற்கு அன்பு என்று பெயர் வைத்திருந்தேன். அடுத்த பதினோரு நாட்களில் அது பயம் என்று தெரிந்துவிட்டது. அவர் முகம் வாடினால் வீடு எப்படி இருக்கும் என்கிற பயம். அதற்காக நான் பணயம் வைத்தது இன்னொருத்தியின் காலடியை.

பயிற்சி நாட்களில் காற்றே இல்லை. இன்று, பந்தய நாளில், கொடிக்கயிறு கம்பத்தை ஓயாமல் அறைந்துகொண்டிருந்தது.

"இன்னிக்குப் போக வேணாமே," என்றேன்.

"நல்லா கேட்ட போ. இந்தக் காத்துக்குத்தான இவ்வளவு நாள் உக்காந்திருந்தோம்," என்றார்.

நாத்தனார் கொக்கியை இழுத்துச் சரிபார்த்தாள். க்ளிக். சொல்லத் தொடங்கினால் முதலில் காரணம்தான் வரும் என்று தெரியும். எனவே காசை எடுத்து, மணலில் மண்டியிட்டுப் படகைத் தட்டினேன்.

கணீர். கணீர். கணீர். பிறகு, வாயைப் பொத்தியதுபோல ஒரு சத்தம்.

அவர் கயிற்றை விட்டுவிட்டு வந்தார். காசை வாங்கித் தானே தட்டினார், இரண்டு முறை.

"எப்பத் தெரியும்?"

"வெள்ளிக்கிழமையே."

"கையெழுத்து?"

"என்னோடதுதான்."

அவர் காசைத் திருப்பித் தரவில்லை.

"நான் நிக்கிறது இங்கதான அண்ணி," என்றாள் நாத்தனார். அதில் கோபம் இருந்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். ஈரக்காலைத் தூக்கி அங்கே வைத்துப் பார்த்தாள். குதிகால் அந்த இடத்தைச் சரியாக மூடியது. மெதுவாக எடுத்துக்கொண்டாள்.

ஊதல் ஒலித்தது. மற்றப் படகுகள் கரையைவிட்டு நகர்ந்தன. எங்கள் பாய் படபடத்துக்கொண்டிருந்தது. அதை இழுத்துக் கட்டவும் யாரும் போகவில்லை, இறக்கவும் போகவில்லை. வெள்ளை உடலின்மேல் அவள் பாதத்தின் ஈரம் ஓரத்திலிருந்து காயத் தொடங்கியது. பையிலிருந்து பென்சிலை எடுத்தேன். அந்தத் தடம் மறைவதற்குள் அதைச் சுற்றி வரையத் தொடங்கினேன்.