மேல் லயத்துக்கு முதல் பாதி

ஒரு படத்தை ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரே ஆள் உட்கார்ந்து பார்ப்பது என்பது அந்த வருஷங்களில் எங்கள் எஸ்டேட்டில் நடக்காத காரியம். பாதியைக் கண்ணால் பார்ப்போம், மீதியைக் காதால் கேட்போம். சிரிக்காதீர்கள் கண்ணுகளா. அப்படிப் பார்த்த படங்கள்தான் இன்றைக்கும் மனசில் நிற்கின்றன.

தேயிலைக்கு விலை இல்லாமல் போன காலம் அது. கிளென்மார்கன் பக்கத்து மலைகளில் கொழுந்து செடியிலேயே முற்றிக் கிடந்தது. பறித்துப் போட்டாலும் அரைக்க ஃபாக்டரி ஓட வேண்டுமே! ஆட்களை ஒரேயடியாக நிறுத்த எஸ்டேட் துரைக்கு மனசு வரவில்லை. அதனால் வேலையைப் பங்கு போட்டார். மேட்டில் வரிசையாக இருந்த வீடுகள் மேல் லயம், ஓடைப் பக்கம் இருந்தவை கீழ் லயம். ஒரு நாள் மேல் லயத்துக்காரர்களுக்கு வேலை, மறுநாள் கீழ் லயத்துக்காரர்களுக்கு. இரண்டு லயத்திலும் பெரும்பாலும் சிலோன் தோட்டங்களிலிருந்து கப்பலேறி வந்த குடும்பங்கள்தான். கூலி பாதியானதும் காய்கறி பாதியானது, அரிசி பாதியானது. பொழுது மட்டும் இரண்டு மடங்காகிவிட்டது.

அந்தப் பொழுதைத் தின்னக் கிடைத்ததுதான் பியாட்ரிஸ் அக்கா வீட்டு டிவி.

பியாட்ரிஸ் அக்கா எஸ்டேட் பிள்ளைக் காப்பகத்தில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவள், கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரி. இரண்டு லயத்துக்கும் நடுவில் அவள் வீடு. அவளுடைய தம்பி சில்வஸ்டர் ஊட்டியில் சிடி வாடகைக் கடை வைத்திருந்தான். தேயிலை விழுந்ததும் அவன் கடையும் விழுந்தது. தமிழ்ப் படங்களை விற்றுவிட்டான். லவ்டேல் பக்கம் குடியிருந்த ஒரு டீச்சரம்மா ஊரைக் காலி செய்யும்போது கொடுத்துவிட்டுப் போன ஒரு பெட்டி மட்டும் மிஞ்சியது. எல்லாம் கறுப்பு வெள்ளை, எல்லாம் பிற தேசத்துப் படங்கள், என்ன மொழி என்று கூடத் தெரியாது. அந்தப் பெட்டியையும் ஒரு பழைய டிவியையும் பிளேயரையும் அக்கா வீட்டில் இறக்கிவிட்டு அவன் வேறு பிழைப்புத் தேடிப் போனான்.

ஒரு படத்துக்கு இரண்டு சிடி. அந்தப் பிளேயரோ ஒரு சிடி ஓடியதும் தோசைக்கல் மாதிரி சுட்டு, கருகிய வாசம் அடிக்கும். அதோடு நிறுத்திவிட வேண்டும். முதல் நாள் மேல் லயம் வந்து முதல் சிடியைப் பார்த்துவிட்டுப் போனது. மறுநாள் கீழ் லயம் வந்தபோது பியாட்ரிஸ் அக்கா இரண்டாவது சிடியைப் போட்டாள்.

“என்னா தங்கச்சி, மொதல்ல இருந்து போடப்படாதா?” என்று கேட்டார் கீழ் லயத்து எல்லப்பன்.

“ஏனுங்க, நேத்து பாத்ததையே இன்னைக்கும் நான் பாக்கறதுங்களா? எனக்கு அடுத்தது என்னன்னு தெரிய வேண்டாமுங்களா? ஊடு என்ர ஊடு. முன்கதை வேணும்னா மேல் லயத்துல போய்க் கேட்டுக்குங்க.”

அப்படித்தான் அந்த வழக்கம் வந்தது. சாயங்காலம் குழாயடியில் மேல் லயம் முன்பாதியைச் சொல்லும். மறுநாள் சாயங்காலம் கீழ் லயம் பின்பாதியைச் சொல்லும். முதலில் பார்த்தவர்களுக்குத்தான் படத்தில் வருகிற ஆட்களுக்குப் பேர் வைக்கிற உரிமை. அவர்கள் வைத்த தமிழ்ப் பேரைத்தான் மற்றவர்களும் சொல்ல வேண்டும். பாட்டு இல்லை, சண்டை இல்லை. ஒரே கோட்டுச் சட்டையை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு வேலை தேடும் அக்கா தங்கை, ஊர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிற கிழவர், இப்படி நம்மைப் போன்ற ஆட்கள்தான் படம் முழுக்க. ஆனாலும் எழுந்திருக்க முடியாது. கொழுந்து பறிக்கும்போதுகூட, “அந்தக் கெழவரு இந்நேரம் என்னா செய்வாரோ!” என்று யாராவது பெருமூச்சு விடுவார்கள்.

இனி சின்னம்மை கதைக்கு வருகிறேன்.

சின்னம்மை மேல் லயம். புருஷன் இல்லாமல் மகள் சுமலதாவை வளர்த்தவள். கீழ் லயத்து ஞானசுந்தரியின் மகன் தினகரனுக்கு சுமலதாவைக் கொடுப்பதாகப் பேச்சு. பிள்ளைகள் இருவருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு அப்படி ஒரு பிரியம். வேலை பங்கானதிலிருந்து அவன் தேயிலைக் காட்டில் இருக்கும் நாளில் இவள் வீட்டில், இவள் காட்டில் இருக்கும் நாளில் அவன் வீட்டில். வார நாட்களில் பார்க்கவே முடியாமல் தவித்தார்கள். அடுத்த மாதம் நிச்சயம். தினகரன் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போய், கொஞ்சம் சேர்த்துக்கொண்டு, இரண்டு வருஷம் கழித்துக் கல்யாணம் என்று ஏற்பாடு.

அந்த வாரம் மேல் லயம் பார்த்த முன்பாதி இது. பனி பெய்கிற ஒரு மலையூர். நீளச் சடை போட்ட ஒரு பெண், அவளுக்குப் பேசி வைத்த பையன். ஊரில் வேலை இல்லை. அவன் பட்டணத்துக்கு ரயில் ஏறுகிறான்.

“துரைராசு போறான், செவ்வந்தி அழுவுறா” என்று பேர் வைத்துச் சொல்லிக்கொண்டு வந்தாள் வேலாமணி. மேல் லயத்தில் படம் சொல்கிற வாய் அவளுடையது. “கடுதாசி போடுறேன்னு சொல்றான்.”

“ஒனக்கு எப்புடித் தெரியும்? வெள்ளக்காரப் பேச்சு வெளங்குதோ?” என்று ஒருத்தி மடக்கினாள்.

“கையில எழுதிக் காட்டுறான்ல? கண்ணு அவிஞ்சா போச்சு?”

பட்டணத்தில் ஒரு பெண் வீட்டில் அவன் தங்குகிறான். செவ்வந்தி ரயில் வரும்போதெல்லாம் ஸ்டேஷனில் போய் நிற்கிறாள். சிடி முடிகிற இடத்தில் மழை. அந்தப் பட்டணத்துப் பெண் குடை பிடிக்கிறாள். துரைராசு அவளுடைய கைக்குழந்தையைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு வாய்விட்டுச் சிரிக்கிறான். அதோடு திரை இருண்டுவிட்டது.

“அடப்பாவி! புள்ளயே பெத்துட்டானா?” என்றாள் சின்னம்மை. பின்னால் உட்கார்ந்திருந்த சுமலதா பக்கம் அவள் திரும்பவே இல்லை.

அன்று குழாயடியில் கதை பேச அவள் நிற்கவில்லை. குடத்தைக் கீழே வைத்துவிட்டு நேராக ஞானசுந்தரியிடம் போனாள்.

“மதினி, நிச்சயத்த நிறுத்திப்புடுவோம்.”

“என்னா சொல்றீங்க? என் மகன் என்னா கொற வச்சான்?”

“இன்னும் வைக்கல. வச்சபொறகு பேசி என்னா புண்ணியம்? ஊருவுட்டுப் போற ஆம்பளைய நம்பி என் புள்ளய காக்க வைக்க என்னால ஏலாது.”

மறுநாள் கீழ் லயம் பின்பாதியைப் பார்த்தது. மேல் லயத்துக்காரர்கள் வேலை விட்டுத் திரும்பியதும் ஞானசுந்தரி மூச்சிரைக்க மேடேறி வந்தாள்.

“மதினி! அந்தப் புள்ளைக்கு அப்பன் வேற! பட்டாளத்துக்குப் போனவன். ஒத்தக் கையோட திரும்பி வாறான். தொரராசுவக் கட்டிப் புடிச்சு அழுவுறான், ‘எம் பொண்டாட்டி புள்ளயப் பாத்துக்கிட்டியேப்பா’ன்னு!”

“நீங்க அப்புடித்தான் சொல்வீங்க. மகனப் பெத்தவங்க.”

“சிலோன்ல, அட்டன் டவுன்ல நான் பாக்காத வெள்ளக்காரப் படமா? சத்தியமா அது பட்டாளத்துக்காரன்தான்” என்றார் பின்னாலேயே வந்த எல்லப்பன்.

“நீங்க சும்மா இருங்க அண்ணே” என்றாள் சின்னம்மை. “போன படத்துல பாதிரியாரப் பாத்து போலீசுன்னு சொன்ன ஆளுதான நீங்க!”

மேல் லயம் மொத்தமும் சிரித்தது. கீழ் லயத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. அன்றோடு குழாயடியில் கதை நின்றது. இனி அந்தப் பையனைத் துரைராசு என்று சொல்ல மாட்டோம், அவன் பேர் தங்கராசு என்று கீழ் லயம் அறிவித்தது. தண்ணீர் பிடிக்கும்போது, “எங்க தங்கராசு தங்கமானவன்!” என்று ஒரு குரல் எழும். “அதான் ஊரான் புள்ளயத் தோள்ல தூக்கிக்கிட்டுத் திரியுறான்!” என்று மேட்டிலிருந்து பதில் வரும்.

நடுவில் மாட்டிக்கொண்டவன் தினகரன். ஒரு நாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த சின்னம்மையை மறித்தான்.

“அத்தை, நான் திருப்பூருக்குத்தான் போறேன். அந்த ஆளு எந்த ஊருக்குப் போனான்னே யாருக்கும் தெரியாது. அவன் செஞ்சதுக்கு எனக்கு ஏன் தண்டன?”

“நீ நல்ல புள்ளதான்ப்பா. அவனும் ரயில் ஏறும்போது நல்ல புள்ளயாத்தான் இருந்தான்.”

அவன் வழியை விட்டு ஒதுங்கிக்கொண்டான், பாவம்!

சுமலதா அழவும் இல்லை, அம்மாவோடு சண்டை போடவும் இல்லை. பியாட்ரிஸ் அக்கா வீட்டுக்குப் போனாள்.

“அக்கா, ஞாயித்துக்கெழம ரெண்டு லயத்துக்கும் லீவுதான? ரெண்டு சிடியையும் சேத்துப் போடுங்க.”

“மெஷினு வெந்து போயிருமே கண்ணு.”

“ஜன்னல்ல வைங்க. நம்ம ஊரு காத்துக்கு அதுவும் வெறைக்கட்டும்.”

ஞாயிற்றுக்கிழமை பியாட்ரிஸ் அக்கா மாதா கோயிலிலிருந்து வந்ததும் இரண்டு லயமும் அவள் வீட்டில் அடைந்தன. மேல் லயம் ஒரு சுவரோரம், கீழ் லயம் எதிர்ச் சுவரோரம். ஜன்னலைத் திறந்து விளிம்பில் பிளேயரை வைத்தார்கள். மூடுபனி உள்ளே வந்து எல்லோரும் நடுங்கினார்கள். முதல் சிடி ஓடியது. கீழ் லயத்துப் பெண்கள் செவ்வந்தியை முதன்முதலாக இளம் பெண்ணாகப் பார்த்தார்கள்.

“அய்யோ, என்னா அழகா இருந்திருக்கா!” என்று ஞானசுந்தரி சொல்லிவிட்டு, பிறகு வாயை மூடிக்கொண்டாள்.

பிளேயர் ஆறுவதற்குள் ஒரு சுற்றுக் கறுப்புத் தேநீர் ஆனது. பிறகு இரண்டாவது சிடி. வந்தான் ஒற்றைக் கைக்காரன். பட்டாள உடுப்பும் இருந்தது, கட்டிப்பிடித்து அழுததும் இருந்தது. கீழ் லயம் கை தட்டியது. எல்லப்பன் மீசையைத் தடவிக்கொண்டார். எல்லோரும் சின்னம்மையைப் பார்த்தார்கள். அவள் திரையை விட்டுக் கண் எடுக்கவில்லை.

படம் நகர்ந்தது. ஸ்டேஷனில் செவ்வந்தி நிற்கிறாள். கோடையில் நிற்கிறாள், பனியில் நிற்கிறாள். நீளச் சடை கொண்டையாகிறது. கொண்டையில் நரை வருகிறது. கடைசியில் துரைராசு ஒரு பெட்டி நிறையச் சாமானோடு வருகிறான். அன்றைக்கு அவள் ஸ்டேஷனில் இல்லை. வீட்டில் மாவு பிசைந்துகொண்டிருக்கிறாள், நிமிர்ந்து பார்க்கவில்லை. அவன் கையைக் கழுவிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அவனும் மாவைப் பிசைகிறான். அவ்வளவுதான், படம் முடிந்தது.

“இப்ப என்னா சொல்றீங்க மதினி? அவன் நல்லவனா, கெட்டவனா?” என்று ஞானசுந்தரி எழுந்து நின்றாள்.

சின்னம்மை முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“நல்லவன்தான். நான் சொன்னது தப்பு, ஒத்துக்கிறேன். ஆனா நீங்கள்லாம் அவன் நல்லவனா கெட்டவனான்னே இத்தன நாளா அடிச்சுக்கிட்டீங்களே. நானும்தான். அவ எத்தன வருசம் அந்த ஸ்டேசன்ல நின்னா? அந்தக் கொண்டைய ஒருத்தராவது பாத்தீங்களா?”

மேல் லயத்துக்கும் கீழ் லயத்துக்கும் ஒரே நேரத்தில் தலை குனிந்தது.

“தினகரா, இங்க வா” என்றாள் சின்னம்மை. “நீ திருப்பூர் போவ வேணாம்னு நான் சொல்லல. இங்க என்னா இருக்கு, பாதி நாள் வேலையும் மீதி நாள் மூடுபனியும்! போ. ஆனா ஒத்தையில போவாத. தாலியக் கட்டு, இவளையும் கூட்டிக்கிட்டுப் போ. அந்த தொரராசு அதச் செஞ்சிருந்தா படமே ஒரு சிடியில முடிஞ்சிருக்கும்.”

“தங்கராசு” என்று திருத்தினார் எல்லப்பன்.

“நல்ல நியாயம்!” என்றாள் ஞானசுந்தரி. “மருமக வீட்டுக்கு வருவா, கூடமாட இருப்பான்னு நான் பாத்துக்கிட்டு இருக்கேன். ரெண்டு பேரும் போயிட்டா எனக்கு யாரு?”

“எனக்கு மட்டும் யாரு மதினி? நீங்கதான்” என்றாள் சின்னம்மை.

அப்போது சுமலதா மெல்ல வாயைத் திறந்தாள். “அத்தை, அங்க செக்கிங் வேலைக்குப் பொம்பளைங்களைத்தான் எடுக்கிறாங்களாம். பனியன்ல ஓட்டை இருக்கான்னு பாக்கணும். நான் கேட்டு வச்சிட்டேன். வரச் சொல்லிட்டாங்க.”

“எப்புடிக் கேட்ட?” என்றாள் சின்னம்மை திகைத்துப்போய்.

“பஸ் ஸ்டாண்டு கடையில இருந்து போன் போட்டேன். இவரு வேலைக்குக் கேட்ட கம்பெனிக்கேதான். இவருக்கும் தெரியாது.”

தினகரன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். “எனக்கே இன்னும் வரச் சொல்லலியே அவங்க!” என்றான்.

அந்த வீடு சிரித்த சிரிப்பில் ஜன்னலோரம் இருந்த பிளேயர் விழுந்துவிடுமோ என்று பியாட்ரிஸ் அக்கா ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டாள். எல்லப்பன் மடியிலிருந்த வெற்றிலையை எடுத்தார், வேலாமணி வீட்டுக்கு ஓடி வாழைப்பழம் கொண்டுவந்தாள், பியாட்ரிஸ் அக்கா கிறிஸ்துமஸ் கேக் வைக்கிற பூப்போட்ட தட்டைக் கொடுத்தாள். அடுத்த மாதம் என்றிருந்த நிச்சயம் அன்றைக்கே, அந்த டிவிக்கு முன்னாலேயே நடந்தது. தட்டு மாற்றும்போது இரண்டு தாய்மாரும் ஒருவர் கையை ஒருவர் விடவே இல்லை. “தட்டு ஒடையப் போகுதுங்க!” என்று பியாட்ரிஸ் அக்கா கத்த வேண்டியதாயிற்று.

ஆவணியில் கல்யாணம். மூன்றாம் நாள் ஊட்டி பஸ் ஸ்டாண்டில் இரண்டு லயமும் கூடி நின்றன. சின்னம்மை ஜன்னல் வழியாகக் கையை நுழைத்து மகள் தலையைத் தடவிக்கொண்டே, கம்பளி போர்த்திக்கொள், அங்கே வெயில், கம்பளி வேண்டாம், தண்ணீரைக் காய்ச்சிக் குடி என்று மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஞானசுந்தரி அழுவதற்காக முந்தானையைத் தயாராக வைத்திருந்தாள்.

பஸ் கிளம்பியது. பிள்ளைகள் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார்கள் என்று இரண்டு பேரும் எட்டி எட்டிப் பார்த்தார்கள். அவர்கள் எங்கே பார்த்தார்கள்! மேட்டுப்பாளையம் வரைக்கும் நான்தான் ஜன்னலோரம் என்று அவன் சொல்ல, இல்லை, நான்தான் என்று அவள் அவனைத் தோளால் இடிக்க, பஸ் வளைவில் திரும்பும் வரை அந்தச் சண்டை ஓயவில்லை.

“பாத்தீங்களா மதினி, ஒரு டாட்டா கூட இல்ல!” என்றாள் ஞானசுந்தரி.

“இருக்கட்டும் மதினி” என்று சின்னம்மை கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். “நல்லா சண்ட போடட்டும். பக்கத்துல பக்கத்துல இருந்தாத்தான சண்ட வரும்!”