சில்லு திரும்பி வரும் பெட்டி

வைக்கோல் அக்காவுக்கு அந்தப் பெயர் வந்து முப்பது வருஷம் ஆகிறது. கண்ணாடித் தொழிற்சாலையில் ஜாடிகளை வைக்கோலில் பொதிந்து பெட்டியில் அடுக்குவது அவள் வேலை. வைக்கோல் போய் வெள்ளைத் தெர்மோகோல் நுரை வந்தது. மரப்பெட்டி போய் அட்டைப்பெட்டி வந்தது. பெயர் மட்டும் போகவில்லை.

அன்று காலை சின்ன முதலாளி ஒரு கடிதத்தோடு பேக்கிங் அறைக்கு வந்தார். ஜாடி வாங்குகிற கம்பெனி எழுதியிருந்தது. ஜாடியோடு குப்பையும் சேர்ந்து வருகிறது, கிடங்கின் பின்பக்கம் நுரை மலையாகக் கிடக்கிறது, போதாததற்கு நூற்றுக்கு ஏழு உடைந்திருக்கிறது, இப்படியே போனால் வேறு இடம் பார்க்க வேண்டியதுதான். பேக்கிங்கை மெஷின் வைத்திருக்கும் ஒருவரிடம் கொடுத்துவிடலாமா என்று யோசிப்பதாக முதலாளி சொன்னார். சொல்லும்போது அறையிலிருந்த ஆறு பெண்களையும் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தார்.

அக்கா பழைய மரப்பெட்டிகளை ஞாபகப்படுத்தினாள். போய், காலியாகி, அதே லாரியில் திரும்பி வந்த பெட்டிகள். அதெல்லாம் அப்பா காலத்தோடு விறகாகிவிட்டதே என்றார் அவர்.

"ஆகலை தம்பி. நாப்பது பெட்டி கரிக்கொட்டகையில இருக்கு. பூரா ஆணி, கோடாலி மழுங்கிடும்னு விறகு வெட்ட வந்தவர்கிட்ட பொய் சொன்னேன்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஐந்து வயதில் அந்தப் பெட்டியொன்றுக்குள் ஒளிந்து தூங்கிப்போனவர். உலையை அப்படியே விட்டுவிட்டு எல்லோரும் தேடினார்கள்.

"நாலு லோடு அனுப்பிப் பாருங்கக்கா. நாலாவதுல நூத்துக்கு ரெண்டுக்கு மேல உடைஞ்சா, அப்புறம் என்கிட்ட கேக்காதீங்க."

பெட்டிகளைத் தூசி தட்டினார்கள். மூடிகளின் உள்பக்கம் முழுக்கப் பென்சில் எழுத்து. ஜாடி வாங்குகிற கம்பெனியில் அந்தக் காலத்தில் இருந்த ஸ்டோர்காரருடைய கையெழுத்து. அக்கா அவரைப் பார்த்ததே இல்லை. உடைந்த கண்ணாடிச் சில்லை அவர் எறிய மாட்டார். உடைந்த ஜாடி எந்த இடத்தில் இருந்ததோ அங்கேயே விட்டு, வைக்கோலோடு திருப்பி அனுப்புவார். சில்லு உலைக்குப் போகும். பழைய கண்ணாடி சேர்ந்தால் மணல் சீக்கிரம் இளகும். அதற்குமுன் அக்கா பார்ப்பாள். ஓரத்தில் உடைந்திருந்தால் வைக்கோல் போதவில்லை. கழுத்தில் உடைந்திருந்தால் இறுக்கம் அதிகம்.

அவர் சும்மாவும் அனுப்ப மாட்டார். 'மூலையில் மூன்று. சண்டை போட்டுக்கொண்டே அடுக்கினீர்களா?' என்று மூடியில் இருக்கும். 'லாரிக்காரரைக் கேளுங்கள்' என்று அக்கா கீழே எழுதுவாள். 'இந்த வாரம் ஒன்றும் உடையவில்லை. பயமாக இருக்கிறது' என்று ஒருமுறை எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டு அன்று முழுக்கச் சிரித்தபடி வைக்கோல் திணித்தார்கள். அந்தச் சிரிப்பில் இருந்த பெண்களில் இன்று மிச்சம் அவள் ஒருத்திதான்.

வைக்கோல் திணித்து அனுப்பிய முதல் லோடு போய் வந்தது. நூற்றுக்கு ஆறு உடைந்ததாகக் கம்பெனிச் சீட்டு சொன்னது. பெட்டிகளோ கழுவித் துடைத்து வந்திருந்தன. ஒரு சில்லு இல்லை, ஒரு வைக்கோல் இல்லை. நல்லவேளை, மூடிகளில் இருந்த எழுத்தில் கைவைக்கவில்லை. என் வீட்டுப் பாத்திரத்தைக்கூட நான் இப்படித் தேய்த்ததில்லை என்றாள் ஒருத்தி. அக்கா மட்டும் தரையில் உட்கார்ந்துவிட்டாள். உடைந்திருக்கிறது, எங்கே என்று தெரியாது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலிருந்தது.

இரண்டாவது லோடுக்கு நாற்பது மூடியிலும் எழுதினாள். 'கழுவ வேண்டாம். உடைந்தது அதே இடத்தில் வரட்டும். யாரையும் திட்ட மாட்டேன்.'

திரும்பி வந்தபோது ஒவ்வொரு பெட்டியாகத் திறந்தாள். சில்லு எல்லாம் அடி அடுக்கில். மேலே ஒன்றுகூட உடையவில்லை. ஒரு பெட்டியைக் காலி செய்து ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். பலகைகளுக்கு நடுவே வெளிச்சம் கோடு கோடாகத் தெரிந்தது. கரிக்கொட்டகையில் இத்தனை வருஷம் காய்ந்து பலகை சுருங்கியிருக்கிறது. வழியெல்லாம் வைக்கோல் அந்த இடுக்கில் உதிர, ஜாடி கட்டையில் மோதியிருக்கிறது. மணல் வந்த பழைய சாக்குகளை வெட்டி அடியில் விரிக்கச் சொன்னாள்.

ஒரு மூடியில் புதுக் கையெழுத்து இருந்தது. உருண்டை உருண்டையாக, ஒரு பெண்ணின் கை.

'சில்லை அனுப்பினால் குறை சொன்னதாகிவிடுமோ என்று பயந்து கழுவிவிட்டேன் அக்கா. இங்கே பழைய ஸ்டோர்காரர் என் அப்பாதான். விஷயத்தைச் சொன்னேன். "அந்தம்மா இன்னும் இருக்காங்களா?" என்று நாலு தடவை கேட்டுவிட்டார்.'

அக்கா அதை யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை.

மூன்றாவது லோடில் நூற்றுக்கு மூன்று. நாலாவது வந்த அன்று சீட்டை வாங்கிப் படித்த சின்ன முதலாளி, மறுபடியும் படித்தார். உடைந்தது நூற்றுக்கு ஒன்றைக்கூட எட்டவில்லை. தச்சரை வரச் சொல்லுங்கக்கா, இன்னும் அறுபது பெட்டி வேணும் என்று சொல்லிவிட்டுப் போனார். இந்தத் தடவை ஆறு பேரையும் பார்த்துத்தான் சொன்னார்.

அக்கா கடைசிப் பெட்டியைத் திறந்தாள். ஒரு ஜாடி உடைந்திருந்தது. மூடியில் பழைய கை. எழுத்து நடுங்கியிருந்தது.

'மூலையில் ஒன்று. வயசாகிவிட்டதா?'

அவள் காதோரம் செருகியிருந்த பென்சிலை எடுத்தாள். முனை மழுங்கியிருந்தது. ஒரு சில்லை எடுத்துச் சீவிக்கொண்டு, கீழே எழுதினாள்.

'லாரிக்காரரைக் கேளுங்கள்.'